உஷார்! நர்ஸின் வாயை அடைத்தால் நோயாளியும் தப்ப முடியாது

நர்சிங் முடித்து வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். ஆஃப் கிடைத்து ஊருக்கு வந்த பெண், திரும்ப டூட்டிக்குக் கிளம்பும் நேரம் பார்த்து வயிறு வலிக்கிறது என்பாள். வார்டிலிருந்து போன் வந்தால் யாரென்று பார்த்துவிட்டு எடுக்காமல் கவிழ்த்து வைப்பாள். வாட்ஸ்அப் குரூப்பில் டூட்டி சார்ட் வந்ததும் நைட் யாரோடு என்று தேடுவாள், அந்தப் பெயரைப் பார்த்ததும் முகம் செத்துப்போகும். வேலை புதுசு, போகப்போகச் சரியாகிவிடும் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள்.

ஆனைமலை, கோட்டூர், ஒடையகுளம், வேட்டைக்காரன்புதூர், அங்கலக்குறிச்சி என்று நம் பக்கத்தில் நர்சிங் படிக்கிற பிள்ளையோ நர்ஸாக வேலை பார்க்கிற பிள்ளையோ இல்லாத தெரு குறைவு. தோப்புக் கூலியிலும் நார் மில் சம்பளத்திலும் மிச்சம் பிடித்து, போதாததற்குக் கடனும் வாங்கிப் படிக்க வைத்திருக்கிறோம். பொள்ளாச்சியிலோ கோவையிலோ வேலை கிடைத்ததும் இனி கவலை இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறோம். வெள்ளை உடுப்புப் போட்ட இடத்தில் யார் என்ன கொடுமை செய்துவிடப் போகிறார்கள் என்ற நம்பிக்கை. நோயாளியின் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்தால் செய்தியாகிறது. கூட வேலை பார்க்கிறவர்களே ஒரு பெண்ணை நாளுக்கு நாள் நசுக்கினால் அது வார்டுக் கதவைத் தாண்டி வெளியே வருவதில்லை.

அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் பெண் அதைக் கொடுமை என்ற பெயரில் சொல்லமாட்டாள். ஷிப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கிற ஓவரில் ஒரு முக்கியமான விவரத்தை வேண்டுமென்றே விழுங்கிவிடுவார்கள். காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் கேட்கும்போது அவள் முழிப்பாள். எல்லார் முன்னாலும் திட்டு அவளுக்குத்தான். தங்கை கல்யாணத்துக்குக் கேட்ட ஆஃப் கிடைக்காது, நைட் மட்டும் வரிசையாக விழும். காணாமல் போன பல்ஸ் ஆக்சிமீட்டருக்குப் புதிதாக வந்தவள் சம்பளத்தில் பிடிப்பார்கள். சாப்பிடப் போகும்போது மற்ற எல்லாரையும் கூப்பிட்டுவிட்டு அவளை மட்டும் விட்டுப் போவார்கள். நோயாளியின் மனைவி பக்கத்தில் நிற்க, "இவங்க கைல ஊசி போட்டுக்காதீங்க, நான் வர்றேன்" என்பார்கள். அப்புறம் நம் ஊரின் பழைய நோய் ஒன்று இருக்கிறதே, "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி. பதிலைப் பொறுத்து யார் பெட்பேன் எடுப்பது, யார் டாக்டரோடு ரவுண்ட்ஸ் போவது என்பது மாறுகிற வார்டுகளும் உண்டு. மலைமேல் செட்டில்மெண்டிலிருந்து படித்து வருகிற பழங்குடிப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் சொன்னதைச் சொல்கிறேன். நைட் டூட்டி. சர்க்கரை நோயாளிக்கு 20 யூனிட் இன்சுலின் போட வேண்டும். நம் நாட்டில் இன்சுலின் குப்பி இரண்டு அளவில் வருகிறது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு வேறு. 40-க்கு உண்டான சிரிஞ்சில் 100 யூனிட் குப்பியிலிருந்து 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. தூக்கத்திலேயே சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி ஆள் நினைவிழந்துவிடலாம். அன்று அவள் கையில் இருந்தது 100 குப்பி, டிரேயில் இருந்தது 40 சிரிஞ்சு. சீனியரிடம் போய், "அக்கா, சிரிஞ்சு மாறியிருக்குதுங்க, எவ்வளவு எடுக்கறதுங்க?" என்று கேட்டிருக்கிறாள். கேட்டது மிகச் சரியான கேள்வி. கிடைத்த பதில்: "நாலு வருசம் என்னத்தப் படிச்சே? காசு குடுத்து சர்டிபிகேட் வாங்குனியா?" பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு சிரிஞ்சை மாற்றிக் கொடுத்தார்கள். அந்த நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அடுத்த வாரம் வேறொரு மருந்தில் சந்தேகம் வந்தபோது அவள் யாரிடமும் கேட்கவில்லை. கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்து மருந்தைக் கலக்கியிருக்கிறாள்.

அதைக் கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கியது. அந்த வார்டில் நம் அப்பா படுத்திருந்தால்? நம் குழந்தை படுத்திருந்தால்? இதை யாரோ ஒரு பெண்ணின் மனக்கஷ்டம் என்று ஒதுக்க முடியாது. சந்தேகம் கேட்கப் பயப்படுகிற நர்ஸ் நிற்கிற வார்டு, நோயாளிக்கு ஆபத்தான வார்டு.

நானாகப் பயமுறுத்தவில்லை. அமெரிக்காவில் மருந்துப் பிழைகளை ஆராய்கிற ஒரு நிறுவனம் 2004-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நர்ஸ், மருந்தாளுநர் என்று 2,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். முன்பு பட்ட அதட்டல் மிரட்டலால், மருந்தில் சந்தேகம் வந்தால் கேட்கும் விதமே மாறிவிட்டது என்று ஏறக்குறைய பாதிப் பேர் சொன்னார்கள். அதட்டல் காரணமாக நடந்த மருந்துப் பிழை ஒன்றில் அந்த ஒரு வருடத்துக்குள் தாமே சம்பந்தப்பட்டிருந்ததாக 7 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். 2015-ல் இஸ்ரேலில் 24 பச்சிளங்குழந்தைப் பிரிவுக் குழுக்களை வைத்து இன்னொரு சோதனை. குறைமாதக் குழந்தைபோல் ஒரு பொம்மை, அதற்கு ஒரு நோய், கண்டுபிடித்துச் சிகிச்சை தர வேண்டும். சில குழுக்களிடம் மட்டும் ஒரு நிபுணர் மட்டமாக இரண்டு வார்த்தை பேசினார். அடி இல்லை, மிரட்டல்கூட இல்லை. அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் கைவேலையிலும் தெளிவாகப் பின்தங்கின. முன்பின் தெரியாத ஒருவரின் இரண்டு வார்த்தைக்கே அப்படியென்றால், தினமும் எட்டு மணி நேரம் கூடவே நிற்கிறவர் பேசுகிற பேச்சுக்கு என்ன ஆகும்?

படிக்கும் இடத்திலேயே இது தொடங்கிவிடுகிறது என்பதுதான் பெரிய கவலை. மீனாட்சிபுரம் எல்லையைத் தாண்டினால் கேரளம். அங்கிருந்து இங்கே நர்சிங் படிக்க வருகிறார்கள், இங்கிருந்து அங்கே வேலைக்குப் போகிறார்கள். அந்தக் கேரளத்தில், கோட்டயம் அரசு நர்சிங் கல்லூரியின் ஆண்கள் விடுதியில் 2024 நவம்பரிலிருந்து முதலாண்டு மாணவர்கள் பட்ட பாடு 2025 பிப்ரவரியில் வெளியே வந்தது. கட்டிலில் கட்டிப்போட்டுக் காம்பஸால் குத்தி, காயத்தில் லோஷன் ஊற்றி, உடம்பின்மேல் டம்பெல்லை அடுக்கி, அதை வீடியோவும் எடுத்திருக்கிறார்கள். குடிக்கப் பணம் பிடுங்கியதாகவும் புகார். ஐந்து சீனியர் மாணவர்கள் கைதானார்கள். கல்லூரி முதல்வரையும் ஓர் உதவிப் பேராசிரியரையும் அரசு சஸ்பெண்ட் செய்தது. நாளைக்கு நோயாளியின் புண்ணைக் கழுவிக் கட்ட வேண்டிய கைகள், கூடப் படிக்கிறவனின் காயத்தில் லோஷன் ஊற்றியிருக்கின்றன. மூன்று மாதம் அந்த விடுதியில் யார் கண்ணிலும் படவில்லை என்றால் அதை நம்ப முடிகிறதா?

அதற்கு முன், 2016 மே மாதம் கர்நாடகத்தின் கலபுரகியில் ஒரு நர்சிங் கல்லூரி. கேரளத்திலிருந்து போன முதலாண்டு தலித் மாணவியைச் சீனியர்கள் கழிவறை கழுவும் திரவத்தைக் குடிக்க வைத்தார்கள் என்று வழக்கு. உணவுக்குழாய் வெந்துபோய் ஊருக்குத் திரும்பி மாதக்கணக்கில் அவதிப்பட்டாள் அந்தப் பெண். குற்றம் சாட்டப்பட்ட சீனியர்களும் அதே கேரளத்துப் பெண்கள்தான். சொந்த ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி அனுப்புகிற பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நர்சுகளோடு நிற்கிற நோயும் இல்லை இது. மும்பை நாயர் மருத்துவமனையில் மேற்படிப்புப் படித்த டாக்டர் பாயல் தட்வி, பழங்குடிப் பெண், 2019 மே 22 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாக மூன்று சீனியர் பெண் டாக்டர்கள் மீது வழக்கு நடக்கிறது. மகளுக்கு நடப்பதை அவருடைய குடும்பம் முன்பே அறிந்து மருத்துவமனையிடம் முறையிட்டதாகச் சொன்னது.

ஏன் ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸையே கடிக்கிறாள்? அமெரிக்க நர்சிங் பேராசிரியை சூசன் ராபர்ட்ஸ் 1983-லேயே இதை எழுதினார். மேலே இருப்பவர்களிடம் திருப்பிக் கேட்க முடியாதவர்கள், கோபத்தைத் தமக்குள்ளேயே, தமக்குக் கீழே இருப்பவர்மேல் இறக்குகிறார்கள் என்றார். நமக்கு இது புதிதா? மாமியாரிடம் பட்டதையெல்லாம் தனக்கு மருமகள் வந்ததும் திருப்பிக் கொடுக்கிற வீடுகளைப் பார்த்தவர்கள்தானே நாம். "நாங்களும் இப்படித்தான் வந்தோம்" என்ற வாக்கியம் அங்கேயும் உண்டு, வார்டிலும் உண்டு.

சீனியர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயம் ஆகாது. இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி போதனா மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும். இரவில் முழு வார்டையும் ஒருவரே பார்க்கிற இடங்களை நீங்களும் நானும் பார்த்திருக்கிறோம். தனியார் நர்ஸ்களின் நிலை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் உத்தரவிட்டு, அதன்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அதற்கும் கீழே இன்று வாங்குகிறவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆள் போதாமல், சம்பளம் போதாமல், தூக்கம் போதாமல் நிற்கிற சீனியருக்குப் புதிதாக வருகிறவள் உதவியாகத் தெரியாமல் சுமையாகத் தெரிகிறாள். அந்தச் சுமையை ஏற்றிவைத்தது நிர்வாகம். அது ஏசி அறையில் இருக்கிறது, திட்டு வார்டில் நடக்கிறது.

கண்டிப்பும் கொடுமையும் ஒன்றில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கை கழுவாமல் டிரஸ்ஸிங் போட்டால் சீனியர் சத்தம் போடத்தான் வேண்டும். நல்ல இன்சார்ஜ் சத்தம் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்று எப்படிப் போடுவது என்று காட்டுவார். திட்டுவது செய்த வேலையையா, உன் ஊரையும் சாதியையும் உடம்பையும் அப்பனையும் அம்மாவையுமா? திட்டிய பிறகு சொல்லிக்கொடுக்கிறாரா, சிரிக்கிறாரா? ஒரு நாள் கோபமா, உன்னைக் குறிவைத்துத் தினமுமா? இதைக் கேட்டாலே பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

சட்டத்தில் உள்ள ஓட்டையைச் சொல்லாமல் விட முடியாது. 1996 நவம்பர் 6 அன்று சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு சீனியர் மாணவரால் கொல்லப்பட்டார். தமிழ்நாடே கொந்தளித்தது. 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். ஆகவே நர்சிங் கல்லூரியில் படிக்கும்வரை உங்கள் பெண்ணுக்கு ஒரு சட்டம் துணை நிற்கிறது. படித்து முடித்து, அதே வளாகத்து மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த அன்றிலிருந்து அந்தச் சட்டம் அவளுக்கு இல்லை. அதே சீனியர், அதே பேச்சு, ஆனால் ராகிங் என்று புகார் கொடுக்க முடியாது. பாலியல் தொல்லைக்கு 2013-ன் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம், சிறிய இடமென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளைச் சாதியைச் சொல்லிப் பிறர் முன்னிலையில் இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இவை இரண்டிலும் சேராத தினசரி நசுக்கலுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. வேலையிடத்து வன்முறை, தொல்லை எல்லாவற்றையும் தடுக்கும் 190-ஆம் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-லேயே நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. நம் எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் ஓட்டுக் கேட்டு வரும்போது இதைக் கேளுங்கள்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க முடியாது. முதலில் வீட்டில் மாற வேண்டும். பொறுத்தார் பூமியாள்வார் என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். "கொஞ்ச நாள் பொறுத்துக்க சாமி, கடன் இருக்குதல்ல" என்ற அம்மாவின் ஒரு வாக்கியம் போதும், அதற்குப் பிறகு அந்தப் பெண் வீட்டிலும் வாயைத் திறக்கமாட்டாள். வெளியே சொன்னால் நமக்குத்தான் அசிங்கம் என்ற பயம் யாருக்குக் கவசமாக இருந்தது என்பதைப் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் ஊரே பார்த்தது. பேசத் துணிந்த பெண்களின் சாட்சியத்தால்தான் 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது.

அடுத்து, எழுத வேண்டும். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போய் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிடுவது நம் ஊர் வழக்கம். மனசு ஆற வேண்டுமென்றால் போய் முறையிடட்டும். அதோடு ஒரு நோட்டும் வாங்கிக் கொடுங்கள். என்ன தேதி, எந்த ஷிப்ட், என்ன சொன்னார்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள், அதனால் நோயாளிக்கு என்ன தாமதம் ஆனது என்று அன்றன்றே எழுதி வைக்கட்டும். நோயாளியின் பெயரும் கேஸ் ஷீட் படமும் அதில் வேண்டாம், அது வேறு வம்பு. வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காமல் வைத்திருக்கட்டும். புகாரை வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். நர்சிங் சூப்பிரண்டுக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லையென்றால் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். "எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது" என்பதோடு நிறுத்தாமல், "இன்ன தேதியில் ஓவரில் இந்த விவரம் சொல்லப்படவில்லை, அதனால் மருந்து தாமதமானது" என்று எழுதினால் எந்த நிர்வாகமும் அதை எளிதில் குப்பையில் போட முடியாது.

திருப்பிப் பேசவும் பழக்க வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் மார்த்தா கிரிஃபின் என்ற நர்சிங் ஆய்வாளர், புதிதாகச் சேர்ந்த 26 நர்ஸ்களுக்கு, சீண்டலுக்கு என்ன பதில் சொல்வது என்று சின்ன அட்டையில் அச்சிட்டுக் கொடுத்து ஒத்திகையும் பார்த்தார். எதிர்கொண்டு பேசியவர்களிடம் சீண்டல் நின்றது என்று 2004-ல் எழுதினார். நம் பிள்ளைகளும் வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம். "அக்கா, தப்புப் பண்ணியிருந்தா தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க, பேஷண்ட் முன்னால வேண்டாமுங்க." "ஓவர்ல இது சொல்லலீங்க, இனிமே நான் எழுதி வாங்கிக்கறேனுங்க." மரியாதை குறையாமல், குரல் நடுங்காமல் சொல்லிப் பழகட்டும்.

சீனியர் சிஸ்டர்களிடம் ஒரு வேண்டுகோள். 1973 நவம்பர் 27 அன்று மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அருணா ஷான்பாக் என்ற நர்ஸை, கூட வேலை பார்த்த வார்டு ஊழியர் ஒருவர் நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கித் தாக்கினார். மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்த அவரை, 2015 மே 18 அன்று இறக்கும்வரை, 41 ஆண்டுக்கும் மேலாக, அதே மருத்துவமனை நர்ஸ்கள் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்களில் பலர் அருணாவோடு ஒரு ஷிப்ட்கூட வேலை செய்தவர்கள் இல்லை. உங்கள் தொழிலில் அப்படிப்பட்ட பெண்கள் இருந்திருக்கிறார்கள். உங்கள் வார்டுக்குப் புதிதாக வருகிற பெண்ணுக்கு ஒரு மாதம் சொல்லிக்கொடுங்கள், அவள் கேட்கிற கேள்வியைச் சிரிக்காமல் கேளுங்கள்.

மருத்துவமனை நடத்துகிறவர்களே, ஆள் எடுங்கள். ஓவர் கொடுப்பதை எழுத்தில் ஆக்குங்கள். புதிய நர்ஸை முதல் மூன்று மாதம் நைட்டில் தனியாக விடாதீர்கள். ஒரே வார்டிலிருந்து பெண்கள் அடுத்தடுத்து வேலையை விட்டுப் போனால், போகிறவர்களைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு அந்த வார்டில் என்ன நடக்கிறது என்று போய்ப் பாருங்கள். விட்டுப் போகிறவளின் ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்காதீர்கள், அது அவள் சொத்து.

கல்லூரியில் ராகிங் என்றால் 1800-180-5522, 24 மணி நேரமும் எடுப்பார்கள். பெண்களுக்கான உதவிக்கு 181. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், இருந்து என்ன பயன் என்ற பேச்சு பிள்ளையின் வாயிலிருந்து ஒருமுறை வந்தாலும் காத்திருக்காமல் மன ஆலோசனைக்கு 14416 அல்லது 104-ஐக் கூப்பிடுங்கள், அன்றிரவு அவளைத் தனியாக விடாதீர்கள், அந்த வேலைக்கு இனி அனுப்பாதீர்கள். இந்த நான்கு எண்களையும் இப்போதே அவள் போனிலும் உங்கள் போனிலும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.